பாவித்த தொட்டிலும் புதிய மெத்தையும்: கொழும்பில் குழந்தைக்குச் சாமான் வாங்கிய 14 மாதங்கள்

எங்கள் மகளுக்கு இந்த மாதத்தோடு 14 மாதம் நிறைகிறது. அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று வாங்கியது, உறவினர் தந்தது, இரவல் எடுத்தது எல்லாவற்றையும் விலை, இடம், திகதி சகிதம் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். கணக்குப் பிரிவில் இருபது வருடம் கழித்தவனுக்கு அந்தப் பழக்கம் வீட்டிலும் விட்டுப் போவதில்லை. அண்மையில் கொப்பியைப் புரட்டியபோது, எங்கள் வீட்டுக்கு வந்த குழந்தைச் சாமான்களில் பாதிக்கு மேல் பிறர் பாவித்தவை என்பதும், நாங்கள் ஏமாந்த இடங்கள் பாவித்தவற்றிலும் புதியவற்றிலும் கலந்தே இருக்கின்றன என்பதும் தெரிந்தது. வெள்ளவத்தை, தெஹிவளை, நுகேகொடை, புறக்கோட்டை என்று அலைந்து பெற்ற அந்த அனுபவத்தை, குழந்தையை எதிர்பார்த்திருக்கும் வீட்டாருக்காக இங்கே எழுதுகிறேன்.

"பிள்ளை பிறக்க முதல் ஒன்றும் வாங்கக் கூடாது" என்பது மாமியின் கட்டளை. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியவை என்று கிளினிக்கில் சொன்ன சாமான்கள் மட்டும் இந்தக் கட்டளையிலிருந்து தப்பின. ஆகவே மற்ற எல்லாவற்றையும், மனைவியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு, துடக்கு நாட்களுக்குள் நான் ஒருவனாகவே வாங்க வேண்டியிருந்தது. நித்திரையில்லாத தகப்பன் அவசரமாகக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கு அது நல்ல நாள். என் கொப்பியில் மிகவும் வருந்தத்தக்க பதிவுகள் அந்த முதல் மூன்று வாரங்களுக்குரியவை.

அதே மாமி வவுனியாவிலிருந்து வரும்போது ஒரு பையில் மாமாவின் பழைய நாலு முழ வேட்டிகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, அளவாகக் கொண்டுவந்தார். பிறந்த பிள்ளைக்குக் கோடித் துணி ஆகாது, பழந்துணியில்தான் கிடத்த வேண்டும் என்றார். கஞ்சிப் பசை போகாத புதுத்துணி பச்சை உடம்பில் உரசும் என்பதைத் தவிர இதில் பெரிய மர்மம் இல்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பாவித்த பொருளைப் பிள்ளைக்கு எடுப்பதில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் அந்த வேட்டி யாருடையது, எத்தனை வருடம் தோய்த்தது, எந்தப் பெட்டியில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது எங்களுக்கு இல்லாமற் போவது அந்த அறிவுதான். ஒரு பொருளின் கடந்த காலத்தைக் கண்ணால் பார்த்தோ கேட்டறிந்தோ நிச்சயப்படுத்த முடியுமானால் பாவித்ததை வாங்கலாம், முடியாவிட்டால் புதிதுக்குப் போக வேண்டும் என்ற ஒரு விதியை நான் மெல்ல மெல்ல, இரண்டு மூன்று தடவை காசைக் கொட்டிய பிறகு, கற்றுக்கொண்டேன்.

உடுப்பில் இந்த விதி மிக இலகுவாக வேலை செய்கிறது, ஏனெனில் துணியால் எதையும் மறைக்க முடியாது. கழுத்தோரம் நைந்திருந்தால் தெரியும், இலாஸ்டிக் செத்திருந்தால் இழுத்தவுடன் தெரியும், அழுத்துப் பொத்தான் துருப்பிடித்திருந்தால் அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருக்கும். பிள்ளையோ உடுப்பைப் பாவிப்பதற்குள் வளர்ந்துவிடுகிறது. பிறந்த நிறை ஐந்து மாதமளவில் இரட்டிப்பாகி ஒரு வருடத்தில் ஏறக்குறைய மும்மடங்காகிறது என்னும்போது, முதல் அளவுச் சட்டைகளுக்கு ஆயுள் சில வாரங்களே. எங்கள் மகளின் 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்கென்று காலி வீதியில் 4,200 ரூபாய்க்கு வாங்கிய, வலைத்துணி வைத்த சட்டை ஒரே ஒரு தடவை, அதுவும் நாற்பது நிமிடம், உடம்பில் இருந்தது. வலை கழுத்தில் குத்தியதில் அவள் அழுத அழுகையில் ஐயரின் மந்திரம் எங்களுக்குக் கேட்கவில்லை. அதே வாரத்தில் மனைவியின் தோழி கொடுத்த, மூன்று பிள்ளைகள் போட்டுக் கழித்த, முன்பக்கம் திறந்து நாடா கட்டும் பருத்திச் சட்டைகள் எட்டும் மூன்று மாதம் தினமும் கொடியில் தொங்கின. பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசிப் புண் இடது கையில் ஆறும்வரை, தலைவழியே இழுத்துப் போடாமல் கையை மெதுவாக நுழைக்கக்கூடிய இந்தத் தளர்ந்த சட்டைகளுக்கு ஈடாக எந்தக் கடையிலும் நான் ஒன்றைக் காணவில்லை.

வெள்ளைத் துணி நாப்கினைப் பொறுத்தவரையில் பழையது புதியதைவிட உண்மையிலேயே மேலானது. புதிய பருத்தித் துணியில் ஆலையில் ஏற்றிய பூச்சு இருப்பதால் முதல் சில தோய்ச்சல்கள்வரை அது ஈரத்தை உறிஞ்சாமல் வழியவிடுகிறது. புறக்கோட்டையில் வாங்கிய இரண்டு டசின் புதிய நாப்கின்கள் மூன்றாவது வாரத்தில்தான் வேலைக்கு வந்தன. இரவலாக வந்த ஒரு டசினோ முதல் நாளே உழைத்தது. சூடான நீரில் தோய்த்துக் கொழும்பு வெயிலில் நன்றாகக் காயப்போட்டு எடுத்த பழைய நாப்கினை அருவருப்பாகப் பார்ப்பவர்கள், கடையில் எத்தனை கை தொட்டது என்று தெரியாத புதிய சட்டையைத் தோய்க்காமலே பிள்ளைக்குப் போடுவதையும் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டொரண்டோவில் இருக்கும் சித்தப்பாவின் மகள் தன் பிள்ளைகளின் உடுப்புகளை ஒரு பெரிய பெட்டியில் அனுப்பினாள். 41 உருப்படிகள், எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் அவற்றில் 17 பனிக்காலத்துக்கானவை, பாதம் மூடிய தடித்த துணி. கொழும்பின் புழுக்கத்தில் அவற்றைப் போடுவது பிள்ளைக்கு வியர்க்குருவை நாமே வரவழைப்பதாகும். ஐரோப்பிய அளவுப்படி 56 என்று குறித்த உடுப்பு 56 சென்ரிமீற்றர் உயரமான குழந்தைக்குரியது, 2.8 கிலோ நிறையில் பிறந்த எங்கள் மகளுக்கு அதுவே சாக்குப் போல இருந்தது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். தலைமறைப்பிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் கயிறு உள்ள பழைய உடுப்புகள் இத்தகைய பெட்டிகளில் வந்து சேரும். சிறு பிள்ளைகளின் உடுப்பில் அந்தக் கயிற்றை ஐரோப்பியத் தரநிலை இப்போது அனுமதிப்பதில்லை, ஏனெனில் அது எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். நான் கத்தரிக்கோலை எடுத்து எல்லாக் கயிற்றையும் உருவி எறிந்தேன்.

உடுப்பில் மறைந்திருக்கக்கூடிய ஒரே ஆபத்து மணத்தில் இருக்கிறது. அலுமாரியில் வருடக்கணக்காக வைத்து எடுத்த பிள்ளை உடுப்புகளில் அந்துருண்டை மணம் அடித்தால் அதை ஒரு பழைய வீட்டு வாசனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்துருண்டையில் உள்ள நப்தலீன், ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளில் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சட்காமாலையை உண்டாக்கக்கூடியது. புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. ஒரு பெரியம்மா ஆசையாகக் கொண்டுவந்த, அவருடைய மகனின் போர்வை ஒன்று இப்படி மணத்தது. அவருக்கு முன்னால் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனதும் பல்கனியில் தொங்கவிட்டோம். இரண்டு தடவை தோய்த்தும் மணம் போகவில்லை. அது இப்போது நிலம் துடைக்கிறது.

பாவித்தது, புதியது என்ற இரண்டுக்கும் நடுவில் கொழும்புக்கே உரிய மூன்றாவது வகை ஒன்று உண்டு. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், நெக்ஸ்ட் போன்ற பிரித்தானிய நிறுவனங்களுக்கு இந்த நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் தைத்து அனுப்புகின்றன. ஏற்றுமதியில் மிஞ்சியவையும் சிறு குறையால் கழிக்கப்பட்டவையும் உள்ளூர்க் கடைகளில் கழுத்துப் பட்டி வெட்டப்பட்ட நிலையில் விற்பனைக்கு வருகின்றன. யாரும் போடாதவை, நல்ல பருத்தி, விலை சில வேளை பாவித்த உடுப்பின் விலைதான். குறை எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது மட்டும் வாங்குபவரின் வேலை: ஒரு கை மற்றதைவிட அரை அங்குலம் நீளம், தையல் ஒரு இடத்தில் தவறியது, அச்சிட்ட முயலுக்குக் கண் இல்லை. கண்ணில்லாத முயலை எங்கள் மகள் இன்றுவரை கவனிக்கவில்லை. எனது கணக்கில், கொடுத்த பணத்துக்கு அதிகம் உழைத்த உடுப்புகள் இவைதான். அழுத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கழன்ற பொத்தான் நேரே வாய்க்குள் போகும்.

தொட்டிலுக்கு வருவோம், ஏனெனில் வீட்டில் சண்டை வந்தது தொட்டிலால்தான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியப்பா, தன் மூன்று பிள்ளைகளும் படுத்த மரத் தொட்டிலை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தேன். நல்ல கனமான மரம், ஆட்டினால் அசையவில்லை. 1998 இல் அடித்த வெளிர்நீல எனாமல் பூச்சு இன்னும் மினுங்கியது. மேல்சட்டத்தில், ஒரு பிள்ளை எழுந்து நின்று பிடிக்கும் உயரத்தில், பூச்சு முழுவதும் சுரண்டப்பட்டு மரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. "உன் தம்பி பல்லு முளைக்கேக்க கடிச்சது" என்று பெரியப்பா பெருமையாகத் தடவிக் காட்டினார். இலங்கையில் வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்; அதற்கு முந்திய எனாமல் பூச்சில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று டப்பாவைப் பார்த்தாலும் தெரியாது. சின்னப் பிள்ளையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது, அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடிப்போம் என்றால், சுரண்டும் தூசிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தொட்டிலின் வரலாறு முழுவதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் வேண்டாம் என்றேன். பெரியப்பா இரண்டு மாதம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

பிறகு நுகேகொடையில் ஒரு தொட்டிலைப் பார்த்தேன். ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகை. கொழுக்கி ஒன்று தேய்ந்து, கையை வைத்தவுடன் சட்டம் சரிந்தது. அமெரிக்காவில் இந்த வகைத் தொட்டிலின் உற்பத்தியையும் விற்பனையையும் 2011 இல் தடைசெய்ததற்குக் காரணம் இதுதான்: கழன்ற சட்டத்துக்கும் மெத்தைக்கும் இடையே பிள்ளை சிக்கி மூச்சுத் திணறியது. விளம்பரத்தில் "புதியது போல" என்று போட்டிருந்தார்கள். பாவித்த தொட்டில் பார்க்கப் போகிறவர்கள் அளவு நாடாவும் ஒரு சோடா கேனும் கொண்டுபோக வேண்டும். கம்பிகளுக்கிடையே இடைவெளி 6 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. சாதாரணப் பானக் கேன் அதனூடாக உள்ளே போகுமானால் பிள்ளையின் உடம்பும் போகும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது தெஹிவளையில் ஒரு மாடி வீட்டில். அந்தக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட இரண்டு வாரம் இருந்தது; 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இப்படி வீட்டோடு விற்றுவிட்டுப் போகிறவர்களைக் கொழும்பில் அடிக்கடி சந்திக்கலாம், அவர்களிடம்தான் நல்ல சாமான்களும் இருக்கின்றன. மொறட்டுவையில் செய்வித்த தொட்டில், பூச்சில்லாமல் வார்னிஷ் மட்டும், பக்கச் சட்டங்கள் நான்கும் அசையாதவை, செய்வித்தபோது தந்த பற்றுச்சீட்டு கூட இருந்தது. அந்த இளம் தாய் தொட்டிலைக் காட்டியபடியே, "அண்ணா, கீழ இருக்கிற லாச்சி மழைக்காலத்தில இறுகும், மெழுகுதிரி தேய்ச்சால் சரியாப் போகும்" என்றார். பிறகு எந்த ஆணி ஒருதடவை தளர்ந்தது, அதை யார் மாற்றினார் என்று விரலை வைத்துக் காட்டினார். 22,000 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. குறையைத் தானாகவே சொல்லும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை, மனைவி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் மெத்தையையும் சேர்த்துத் தர முன்வந்தார், அதை மட்டும் வேண்டாமென்றோம். உடுப்புக்கு நேர்மாறானது மெத்தை: வெளியே வெள்ளையாக இருக்கும், உள்ளே என்ன ஊறியிருக்கிறது என்பதை எந்தக் கண்ணும் காணாது. கடற்கரையை ஒட்டிய ஊரில் ஸ்பஞ்சுக்குள் ஈரமும் பூஞ்சையும் சேர அதிக காலம் தேவையில்லை. ஸ்கொட்லாந்தில் நடந்து 2002 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வேறொரு குழந்தை பாவித்த மெத்தையில் உறங்குவதற்கும் திடீர்க் குழந்தை மரணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. மெத்தை வேறு வீட்டிலிருந்து வந்திருந்தால் அந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இருந்தாலும் நடுவில் குழி விழுந்த மெத்தையில் பிள்ளையின் முகம் புதையக்கூடும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. தொட்டிலின் உள்ளளவைக் கொண்டுபோய், ஒரு மெத்தைக்காரரிடம் கடினமான ஸ்பஞ்சை அளவுக்கு வெட்டித் தைப்பித்தோம். ஆயத்தமாக விற்கும் மெத்தைகளில் இரண்டு ஓரத்திலும் நான்கு விரல் நுழைந்தது. இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

புதியதென்றால் பாதுகாப்பானது என்ற எண்ணத்துக்கு நான் கண்ட நல்ல மறுப்பு, கடை முகப்புகளில் தொங்கும் குழந்தைப் படுக்கைத் தொகுதிதான்: மினுமினுக்கும் துணியில் சரிகை வைத்த மெத்தை, ஒரு தலையணை, இரு பக்கமும் இரண்டு உருளைத் தலையணை. மல்லாக்கக் கிடத்தி, கட்டியான சமதள மெத்தையில், தலையணையோ மெத்தென்ற எதுவுமோ இல்லாமல் உறங்கவைக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. அந்தத் தொகுதி அதற்கு முற்றிலும் எதிரானது. எங்களுக்குப் பரிசாக இரண்டு வந்தன. நுளம்பு வலையில் மட்டும், டெங்கு உள்ள ஊரில், புதிதுக்குப் பணம் கொடுக்கத் தயங்கக் கூடாது. மடித்து வைத்த பழைய குடை வலையில் கம்பி நெளிந்த இடத்தில் ஓட்டை இருந்தால் அது வலையே இல்லை. ஏணைக்குச் செலவு எதுவும் இல்லை, மனைவியின் பழைய பருத்திச் சேலைதான். ஆனால் பிள்ளையின் நாடி நெஞ்சில் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க அருகில் யாராவது விழித்திருக்க வேண்டும், ஆகவே இரவில் அதைப் பாவிக்கவில்லை.

தள்ளுவண்டியில் நான் முதலில் ஏமாந்தது புதியதில். மூன்றாவது மாதத்தில் ஒரு கடையில் 38,500 ரூபாய் கொடுத்து, பால் வண்டி போல அகன்ற ஒன்றை வாங்கினேன். அதன் நிறை 11 கிலோ. எங்கள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. காலி வீதி நடைபாதையில் கடைப்படிகளும் மோட்டார் சைக்கிள்களும் வடிகான் மூடிகளும் இருக்கையில், வண்டியைத் தள்ளுவதைவிடத் தூக்கிச் செல்வதே அதிகமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் முன்சில்லைத் தாங்கும் பிளாஸ்டிக் வெடித்தது. உத்தரவாதம் சட்டகத்துக்கு மட்டும் என்றார்கள். உத்தரவாத அட்டையில் அப்படி எதுவும் எழுதவில்லை, ஆனால் விற்றபோது தந்த பற்றுச்சீட்டில் வண்டியின் பெயரும் இல்லை, வெறும் "குழந்தை சாமான்" என்று மட்டும் இருந்தது. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம் என்று நண்பர் சொன்னார். பொருளின் பெயரில்லாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது என்று விட்டுவிட்டேன், அது என் சோம்பல். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத பெறுமதி சேர் வரி கட்டி வாங்குகிற பொருளுக்கு, பொருளின் பெயரும் மாதிரி இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வண்டியை மரைன் டிரைவ் பக்கம் ஒரு வீட்டில் 16,000 ரூபாய்க்கு வாங்கினோம். மடித்தால் குடை போல ஒடுங்கும், ஆறு கிலோவுக்குள். கொழும்பில் தள்ளுவண்டியை உண்மையில் ஓட்டக்கூடிய இடங்கள் காலிமுகத்திடல், சுதந்திரச் சதுக்கம், விகாரமகாதேவிப் பூங்கா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், விற்பனைக்கு வரும் வண்டிகளில் பல ஏறக்குறைய ஓடாதவை. வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் கடற்காற்று ஓடாத வண்டியையும் தின்கிறது. துணியைக் கழற்றி, மடியும் மூட்டுகளையும் தறைகளையும் பார்த்தேன்; ஒரு மூட்டில் துரு இருந்தது, விரலால் தேய்த்தபோது தூளாக வந்ததே தவிர இரும்பு உதிரவில்லை. பூட்டு முழுதாக விழுகிறதா என்று ஐந்து தடவை மடித்து விரித்தேன். பிரேக்கைப் போட்டுச் சரிவில் விட்டுப் பார்த்தேன். தோளிலும் இடுப்பிலும் காலிடையிலும் ஐந்து பட்டிகளும் இருக்கின்றனவா என்று எண்ணினேன். இன்றுவரை அதில் பெரிதாகக் குறை சொல்ல எதுவுமில்லை.

காரில் பூட்டும் குழந்தை ஆசனத்தை மட்டும், கையில் பணம் குறைந்திருந்தாலும், முன்பின் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். விபத்தொன்றில் அடிபட்ட ஆசனத்தில், உள்ளேயிருக்கும் பொலிஸ்ரைரீன் நுரை வெடித்திருக்கலாம், வெளித்துணியில் ஒரு கீறலும் இராது. அது தன் வேலையை ஒரு தடவை செய்து முடித்துவிட்டது. பிளாஸ்டிக்கும் பட்டியும் வெயிலில் தளர்வதால் உற்பத்தியாளர்கள் பொதுவாக ஆறு முதல் பத்து வருடம்வரை ஆயுள் குறிக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த ஆசனம் எந்தச் சூட்டில் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். இணைய விளம்பரமொன்றில் "ஒரு வருடம் மட்டும் பாவித்தது" என்று கண்டு கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். ஆசனத்தைத் தலைகீழாகப் புரட்டியபோது, அடியில் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்த சிறு கடிகாரம் போன்ற வட்டத்தின் நடுவில் 11 என்று இருந்தது, அம்புக்குறி எட்டாம் மாதத்தில் நின்றது. 2011 ஆகஸ்ட். விற்றவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஒரு வருடம்தான் பாவித்திருப்பார், அதற்கு முன் பாவித்தவர் யார் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே புதிதாக வாங்கினோம், கொப்பியில் மிகப் பெரிய தொகை அதுதான். செம்மஞ்சள் நிறச் சான்றுச் சிட்டையில் ஆர்129 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். 2013 இல் நடைமுறைக்கு வந்த இந்த ஐ.நா. ஒழுங்குவிதி, குறைந்தது 15 மாதம்வரை பிள்ளையைப் பின்னோக்கியே இருத்த வேண்டும் என்கிறது. அதற்கு முந்திய ஆர்44 ஆசனங்களைப் புதிதாக விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2024 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது. எங்கள் பழைய ஆல்ட்டோவில், பட்டியில்லாமல் ஆசனத்தை நேரே காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுவி இல்லை, ஆகவே காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோய், இருக்கைப் பட்டியால் இறுக்கக்கூடிய ஆசனத்தைப் பூட்டிப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். ஓட்டோவில் போகும்போது இந்த ஆசனத்தால் ஒரு பயனும் இல்லை, அதைக் கட்ட அங்கே பட்டியே கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். தாய்ப்பால் எடுக்கும் பம்பில், ஒருவர் மட்டும் பாவிப்பதற்கென்று செய்தவற்றின் குழாயிலும் மோட்டாரிலும் பால் போய்ப் படியக்கூடும், அதைக் கழுவ வழியில்லை. பாவித்ததை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் போத்தல்களும் அப்படித்தான்: பிஸ்பினோல் ஏ என்ற இரசாயனம் உள்ள பொலிகாபனேற்றுப் போத்தல்களை ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் தடைசெய்தது, அலுமாரியில் கிடந்த போத்தல் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று யாரும் சொல்ல முடியாது. சில்லு வைத்த நடைவண்டியைப் பாவித்ததாகவும் புதிதாகவும் வாங்கவே வேண்டாம். புறக்கோட்டையில் இரண்டு வாங்கினால் ஒன்றின் விலையைக் குறைக்கிறேன் என்று ஒரு வியாபாரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தொலைபேசியில் இருந்த டொரண்டோத் தங்கச்சி, கனடாவில் அதை 2004 இலிருந்து தடைசெய்திருக்கிறார்கள், வீட்டு வாசலில் பழைய சாமானோடு வைத்து விற்பதுகூடக் குற்றம் என்று சொன்னாள். படியில் உருளும் வண்டி பிள்ளை நடக்கப் பழகுவதற்கு உதவுவதும் இல்லை. விளையாட்டுச் சாமான்களில் பற்றரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்பது மட்டும் முக்கியம். மற்றபடி எங்கள் மகளுக்கு மிகவும் பிடித்தது அலுமினியச் சட்டி மூடிதான்.

இப்போது நாங்களும் விற்பவர்கள் வரிசைக்கு வந்துவிட்டோம். முதலாம் அளவு உடுப்புகளில் நல்லவற்றை மனைவியின் அலுவலகத்தில் ஒருவருக்கு, அந்துருண்டை போடாமல், தோய்த்துக் கட்டிக் கொடுத்தாயிற்று. 16,000 ரூபாய் வண்டிக்கு நேற்று விளம்பரம் எழுதினேன்: பின்பக்க இடது சில்லின் இறப்பர் தேய்ந்தது, வலது மூட்டில் துரு, நிழற்கூரையின் ஓரம் தோய்ச்சலில் சுருங்கியது, முதலில் வாங்கியவரும் நாங்களுமாக இரண்டு பிள்ளைகள் பாவித்தது. மனைவி வாசித்துவிட்டு, "இப்படி எழுதினால் ஆர் வாங்குவினம்?" என்றாள். இன்று காலைவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் சனிக்கிழமை அளவு நாடாவோடு வருவதாகச் சொன்னார். கார் ஆசனத்தை விளம்பரத்தில் சேர்க்கவில்லை. அவள் அதில் இன்னும் பின்னோக்கித்தான் இருக்கிறாள்.